நாலு இடம் தள்ளி ஒரு வரி

சனிக்கிழமை காலைப் பாத்திரம் அவருடைய முறை. தேய்க்கத்தான் செய்கிறார், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. இடது கையில் ஒரு தட்டு, வலது கையில் நார், வாயில் அபிப்பிராயம். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. பதினோரு நிமிடமாக அதே தட்டுதான். தட்டு எப்போதோ சுத்தமாகிவிட்டது. அபிப்பிராயத்தில்தான் இன்னும் பிசுக்கு போகவில்லை.

“இந்தக் கம்பிக்கூடையை டிசைன் பண்ணவன் வாழ்க்கையில ஒரு தட்டாவது கழுவியிருப்பானா? தட்டை நிக்க வெச்சா டம்ளருக்கு இடம் இல்ல. டம்ளரைக் கவுத்தா கரண்டி விழுது. வாங்குறவனைப் பத்தி யோசிக்கவே இல்ல பாரு.”

“தண்ணியை மூடிட்டு யோசிங்க,” என்கிறார் மனைவி, இஸ்திரிப் பெட்டியின் சூட்டை விரலால் தொட்டுப் பார்த்தபடி.

வாசகர்களே, இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் மேல்மாடியில் இருப்பார். அங்கும் இல்லையென்றால் உங்கள் தங்கையைக் கட்டியிருப்பார். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது இவருக்குப் பிழைப்பு. தொழில் என்று பார்த்தால் அபிப்பிராயம் வைத்திருப்பதுதான். சம்பளம் முதலாவதற்கு வருகிறது, உயிர் இரண்டாவதற்குப் போகிறது. அபிப்பிராயர் என்றே இவரை அழைப்போம். இவர் என் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய சுவர். அதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்.

அபிப்பிராயங்களில் தலையாயது இலக்கணம் பற்றியது. நம் இலக்கணம் அல்ல, கம்ப்யூட்டர் மொழிகளின் இலக்கணம். அந்த மொழிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிலவற்றில், எந்தெந்த வரிகள் ஒரே கட்டளையின் கீழ் வருகின்றன என்று காட்ட, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக அடைப்புக்குறி போட வேண்டும். சிலவற்றில் குறியே வேண்டாம். வரியை நாலு இடம் உள்ளே தள்ளி எழுதினால் போதும், ‘இது மேலே இருப்பதற்கு அடங்கியது’ என்று கம்ப்யூட்டர் தானாகப் புரிந்துகொள்ளும். இவ்வளவுதான் விஷயம். இதற்கா சண்டை என்று கேட்கிறீர்களா? மெதுவாகக் கேளுங்கள். அவர் காதில் விழுந்தால் உங்களை உட்கார வைத்துவிடுவார்.

அவர் நாலு இடம் தள்ளும் கட்சி. பாம்பின் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் மொழியில் எழுதுகிறார். அடைப்புக்குறி போடுகிறவர்களை அவர் வெறுப்பதில்லை, பரிதாபப்படுகிறார். “அடைப்புக்குறிங்கறது வேலிங்க. தன் மேலயே நம்பிக்கை இல்லாதவன்தான் வேலி போடுவான். ஒழுங்கா எழுதறவனுக்கு இடைவெளி போதும்.” அந்தக் கட்சிக்காரர்களோடு வேலை பார்ப்பார், டீ குடிப்பார், ஒரே லிஃப்டில் ஏறுவார், ஆனால் மகளுக்கு அப்படி ஒரு வரன் வந்தால் ஜாதகம் பார்க்கும் முன் பையன் எழுதிய புரோகிராமைப் பார்ப்பார்.

வரியின் முடிவில் அரைப்புள்ளி வைக்கச் சொல்லும் மொழிகள் மேல் இன்னும் கோபம். “வரி முடிஞ்சதா? முற்றுப்புள்ளி வை. முடியலையா? சும்மா இரு. அது என்ன அரைப்புள்ளி? பாதிப் பிரசவமா?”

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் மனைவி புரூஃப் பார்ப்பவர். கல்யாணத்துக்கு முன் ஒரு அச்சகத்தில் எட்டு வருடம் பார்த்தார், மகள் பிறந்த பிறகும் கொஞ்ச காலம் பார்த்தார், பிறகு பன்னிரண்டு வருடமாக யார் யாருடைய திருமணப் பத்திரிகைகளையோ ஓசியில் பார்த்துக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எழுப்பியதற்குத் திட்டிவிட்டுச் சொல்வார். அவர் வீட்டில் போய் நிறுத்தற்குறியைப் பழித்தால்?

“வேற எதை வேணா சொல்லுங்க. என் அரைப்புள்ளி மேல கை வெக்காதீங்க,” என்பார்.

அலுவலகத்தில் இவரைக் காண வேண்டும். அங்கே ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் குறை சொன்ன பிறகுதான் அது உலகத்துக்குப் போகும். குறை சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கும் ஒரே உத்தியோகம் அதுதான் என்று நினைக்கிறேன். பக்கத்து மேஜைப் பெண் மூன்று நாள் கண்விழித்து, வாடிக்கையாளர்கள் இரண்டாயிரம் பேரை அழவைத்துக்கொண்டிருந்த ஒரு கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து அனுப்பினாள். அபிப்பிராயர் அதன்மேல் நாற்பத்து மூன்று குறிப்புகள் எழுதினார். கோளாறைப் பற்றி? ஒன்றுகூட இல்லை. சமக்குறிக்கு இருபுறமும் காற்றோட்டம் விட வேண்டும் என்று பதினேழு. பெயர்களைச் சேர்த்து எழுதாமல் அடிக்கோடு போட்டுப் பிரிக்க வேண்டும் என்று இருபத்தைந்து. கடைசிக் குறிப்பு, ‘மற்றபடி நன்று.’

அந்தப் பெண் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள். “சார், இது வேலை செய்யுதா இல்லையா?”

“வேலை செய்யறது பெரிய விஷயம் இல்லம்மா. எது வேணா வேலை செய்யும்.”

அதே தராசில்தான் அவர் கடையில் விற்கும் பொருள்களையும் நிறுப்பார். நான் ஒருமுறை தெரியாத்தனமாக, படியில் பார்த்தபோது, “எந்த போன் வாங்கலாம்?” என்று கேட்டுவிட்டேன். கையில் காய்கறிப் பை. முக்கால் மணி நேரம். ஒவ்வொரு போனும் ஒரு பாவம் செய்திருந்தது. ஒன்றின் விளிம்பு வளைந்திருக்கிறது, அது நேர்மையில்லாத வளைவு. இன்னொன்று பாட்டுக் கேட்கிற ஒயரைச் சொருகும் ஓட்டையை அடைத்துவிட்டது, அதை ஏழு ஜென்மத்துக்கும் மன்னிக்க முடியாது. மூன்றாவதில் எல்லாம் சரி, ஆனால் கேமரா முதுகில் துருத்திக்கொண்டிருக்கிறது, மேஜையில் வைத்தால் நொண்டுகிறது.

“அப்ப நீங்க இதுல எதை வெச்சிருக்கீங்க?”

“மூணையும்.”

நான் இன்னும் பழைய போனில்தான் இருக்கிறேன். கீரை வாடிவிட்டது.

அவர் வீட்டுக்குள் வாருங்கள். காலணியை வெளியே விடுங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். எல்லாச் சுவிட்சுகளின் மேலும் டேப் ஒட்டியிருக்கிறது. அவற்றைத் தட்டினால் விளக்கு எரியாது. விளக்குக்குக் கோபம் வரும். பதின்மூன்று விளக்குகள், நான்கு விசிறிகள், ஒரு டிவி, ஒரு கொசுவிரட்டி, எல்லாவற்றையும் அலமாரிக்குள் இருக்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஆள்கிறது. அதற்கான புரோகிராமை அவரே எழுதினார். கடையில் விற்பதை வாங்கியிருக்கலாமே? வாங்கியிருக்கலாம். அதில் அடைப்புக்குறி இருக்கிறது.

குளியலறை விளக்கு ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணையும். மின்சாரம் மிச்சம். மனைவியின் தம்பி ஒருமுறை வந்திருந்தார். உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் இருட்டிலிருந்து குரல் வந்தது.

“அத்தான்! லைட் போயிடுச்சு!”

“கையை ஆட்டு!”

“எந்தக் கையை?”

“எது ஃப்ரீயா இருக்கோ அதை!”

அதற்குப் பிறகு தம்பி அக்காவைப் பார்க்க வந்தால், தன் வீட்டில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டுதான் வருகிறார்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் புரோகிராம் வீட்டை ஒரு சுற்றுப் பார்க்கும். யார் உள்ளே, யார் வெளியே, எந்த விளக்கு வீணாக எரிகிறது, எந்த விசிறி யாருக்காகச் சுற்றுகிறது என்று. அவர் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார். மனைவி முதல் நாள் மாலையே சுருக்கமாக ஒன்று வைத்துவிட்டார்: மாமியார். அதுவே நிலைத்துவிட்டது. “மாமியார் ஹால் லைட்டை அணைச்சுட்டாங்க.” “மாமியார் இன்னும் எந்திரிக்கல போல, ஃபேன் சுத்தல.” அவருடைய நிஜ அம்மா இரண்டாவது மகன் வீட்டில், சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும் வீட்டில், மருமகள்மார் இருவர்மீதும் புகார் ஏதுமின்றி நலமாக இருக்கிறார்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மாமியார் பிறந்ததே மாடிப்படி விளக்கால்தான். ஒரு மழை நாளில் மனைவி இரண்டு கையிலும் பையோடு இருட்டில் படியேறி, முட்டியை உடைத்துக்கொண்டு வந்தார். மறுநாள் அபிப்பிராயர் லீவு போட்டார். அன்று மாலையிலிருந்து அம்மணியின் போன் வாசற்கதவை நெருங்கினால் படி விளக்கு எரிகிறது. இன்றுவரை ஒருநாளும் தவறியதில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அவர் எங்கே நிறுத்தினார்?

இந்தப் புதன்கிழமை அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. யாரும் இல்லாத வீட்டில் இணையப் பெட்டி மட்டும் எதற்கு விழித்துக்கொண்டிருக்க வேண்டும்? அலுவலகம் கிளம்பும் அவசரத்தில், ஒரு காலில் சாக்ஸோடு நின்றுகொண்டே, மாமியாருக்கு இன்னும் ஒரே ஒரு வரி எழுதினார்.

வியாழக்கிழமை மனைவிக்கு நேர்காணல். பள்ளிப் பாடப்புத்தகம் போடும் ஒரு பதிப்பகம், நிரந்தர வேலை, புரூஃப் பார்க்க. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஒருவர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவார்கள். உட்கார்ந்தார். “வணக்கம், உங்களைப் பத்திச் சொல்லுங்க,” என்றார்கள். சொல்ல வாயெடுத்தார். இணையம் போய்விட்டது. வந்தது, மறுபடி “வணக்கம்” சொன்னார்கள், மறுபடி போனது. மூன்று வணக்கத்துக்குப் பிறகு போனில் அழைத்து, “சனிக்கிழமை பதினோரு மணிக்கு இன்னொரு தடவை பார்க்கலாம் மேடம், ஆனா அன்னிக்கே முடிவு பண்ணிடுவோம்,” என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். இன்னும் இரண்டு பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்பதையும் மரியாதையாகவே சொன்னார்கள்.

அன்றிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இணையம் செத்துச் செத்துப் பிழைக்கிறது. யார் தவறு? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம்தான் கோணல். அபிப்பிராயர் முதலில் இணையக் கம்பெனியைக் குற்றம் சாட்டினார். பிறகு ஒயரை. பிறகு மழையை. கம்பெனிக்கு போன் போட்டபோது எடுத்த பெண், “சார், ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க,” என்றாளாம்.

“இருபத்திரண்டு வருஷமா ஊருக்கெல்லாம் நான் சொல்ற வசனம்! எனக்கே சொல்றா!”

இதோ சனிக்கிழமை. தட்டை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு, ஈரக் கையோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டார். மணி பத்து.

“என்னங்க, பதினோரு மணிக்குள்ள சரியாயிடுமா?”

“பத்து நிமிஷம்.”

புரோகிராமரின் பத்து நிமிடத்துக்கும் கடிகாரத்தின் பத்து நிமிடத்துக்கும் உள்ள உறவு, தூரத்துச் சொந்தம். விசேஷத்தில் பார்த்தால் சிரித்துக்கொள்ளும்; மற்றபடி போக்குவரத்து இல்லை.

பத்து இருபதுக்கு மனைவி, இஸ்திரி போட்ட உடையைத் தோளில் போட்டுக்கொண்டு, டீ கொண்டுவந்தார். திரையில் மாமியார் விரிந்திருந்தாள். அவர் எழுதிய பாஷையை நம் பாஷையில் சொன்னால் இப்படி இருக்கும்:

வீட்டில் யாரும் இல்லை என்றால்:
    விளக்குகளை அணை
    விசிறிகளை நிறுத்து
    டிவியை அணை
இணையப் பெட்டியை அணை

மனைவிக்கு அந்த மொழி தெரியாது. அவர் எழுத்தைப் படிக்கவில்லை. பக்கத்தைப் பார்த்தார். இருபது வருடப் பழக்கம், கண் முதலில் விளிம்பில்தான் போய் நிற்கும்.

“இந்த வரி மட்டும் ஏன் வெளிய நிக்குது?”

“எது?”

“கடைசி வரி. மேல மூணும் உள்ள தள்ளி இருக்கு. இது மட்டும் ஓரத்துல நிக்குதே. பத்தி உடைஞ்சிருக்குங்க.”

அபிப்பிராயர் திரையைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பார்க்கும் அந்தக் கனிவான பார்வை.

“இது உன் புரூஃப் இல்லம்மா. பத்தியை அழகா வெக்கறது வேற, இது வேற. பிரச்சினை இதுல இல்ல. பெட்டியில இருக்கு. சிக்னல் இறங்குது. நீ போய் ரெடியாகு, நான் பாத்துக்கறேன்.”

மகள் சோபாவில் காலை நீட்டிக் கிடந்தாள். கல்லூரியில் வரலாறு படிக்கிறாள், அதாவது இந்தக் குடும்பத்தில் நடுநிலை வகிக்கிறாள். “அப்பா, அம்மா சொன்னதை ஒரு தடவை பாத்தாதான் என்ன?”

“பாத்துட்டேன்.”

“எப்ப?”

“எழுதும்போதே.”

யாரும் இல்லை என்றால் மட்டும் செய்ய வேண்டியவை மூன்று. நான்காவது வரி அந்த நிபந்தனைக்குள் இல்லை, வெளியே நிற்கிறது. எனவே வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஊரே கூடியிருந்தாலும், மாமியார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து இணையப் பெட்டியைத் தலையில் தட்டித் தூங்க வைத்துவிட்டுப் போகிறாள்; அது தானாக விழித்து எழுந்ததும் அடுத்த சுற்று வந்துவிடுகிறது. உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. அடைப்புக்குறி போட்டிருந்தால் அந்த வரி உள்ளேயா வெளியேயா என்று குருடனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் வேலி போடுகிறவன் நம்பிக்கையில்லாதவன் அல்லவா?

பத்து நாற்பதுக்கு இணையம் மறுபடி போனது. அபிப்பிராயர் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் இருந்த இணையப் பெட்டியைக் கழற்றி, குழந்தைக்கு ஜுரம் பார்ப்பதுபோல் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தார். “சூடா இருக்கு,” என்றார். பிறகு அதன் ஆன்டெனா ஏன் நான்கு, இரண்டு போதாதா, நான்கும் விளம்பரத்துக்கு வைத்த கொம்பு என்று ஆரம்பித்தார். பிறகு, ஸ்டூலிலிருந்து இறங்காமலே, முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அந்தத் தெளிவை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். பயப்படுவார்கள்.

“பேசாம மாமியாரை வேற பாஷையில முழுசா எழுதிடறேன். புதுசா ஒண்ணு வந்திருக்கு. ரொம்ப சுத்தமான பாஷை.”

“இப்பவா?” என்றாள் மகள். “அம்மாவுக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு பா.”

“பத்து நிமிஷம் போதும்.”

மனைவி உடை மாற்றி, தலை வாரி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போனை எடுத்தார், ஜன்னலருகே தூக்கிப் பிடித்தார், அந்த வீட்டில் போனுக்குச் சிக்னல் சமையலறை ஜன்னலில் ஒரு கோடு, அதுவும் விருந்தாளி மாதிரி வரும் போகும். ஸ்டூலின் மேலே கணவர், தரையில் ஒயர்கள், தொட்டியில் தட்டு. பதினோரு மணிக்குப் பத்து நிமிடம். அம்மணி கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

கீழே தையற்கடை. தையல்காரப் பெண் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கடையின் இணையப் பெட்டி ஒன்பது வருடப் பழசு, மேலே தூசி படியாமல் இருக்க ஒரு தலையணை உறை மாட்டியிருக்கிறாள், கடவுச்சொல்லைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள், அது ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக எண்கள். அபிப்பிராயர் ஒருமுறை பேன்ட் சுருக்கக் கொடுக்க வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, “இது பெட்டியே இல்லம்மா, இது டப்பா. யார் வேணா உள்ள புகுந்துடுவான்,” என்றார். “புகுந்தா துணி வாங்கிட்டுத்தானே போவாங்க,” என்றாள் அவள்.

“தங்கச்சி, ஒரு அரை மணி நேரம் இங்க உக்காரட்டுமா? நெட் வேணும்.”

“உக்காருங்கக்கா. மெஷின் சத்தம் ஆகாதா? இருங்க, நிறுத்திடறேன். அதுக்கும் காலையிலேருந்து ரெஸ்ட் இல்ல.”

நூற்கண்டுப் பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்தார்கள். பின்னால் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள் வரிசையாகத் தொங்கின. அந்தப் பக்கம் முகம் தெரிந்ததும் முதல் கேள்வியே, “மேடம், பின்னாடி என்ன அது?”

“யூனிஃபார்ம். உங்க புத்தகத்தைப் படிக்கப் போற பிள்ளைங்களோடது.”

அவர்கள் சிரித்துவிட்டார்கள். பாதி வேலை அங்கேயே முடிந்தது. பிறகு திரையில் ஒரு பக்கத்தைக் காட்டி, இதில் ஒன்பது பிழைகள் இருக்கின்றன, கண்டுபிடியுங்கள் என்றார்கள். அம்மணி ஏழு நிமிடத்தில் பதினொன்று சொன்னார். அதிகப்படி இரண்டில் ஒன்று, ‘கீழ்க்கண்ட பிழைகளை கண்டுபிடிக்கவும்’ என்ற அவர்களுடைய கட்டளை வாக்கியத்திலேயே விட்டுப்போன ஒற்று. இன்னொன்று, நடுவில் ஒரு வரி, பத்தியைவிட்டு ஒரு நூல் அளவு வெளியே நின்றது.

“இதை நாங்களே பார்க்கலையே! எப்படிப் பிடிச்சீங்க?”

“வெளிய நிக்கறது கண்ணுல பட்டுடுங்க. எங்க வீட்லயும் ஒண்ணு நிக்குது.”

திங்கட்கிழமை வந்து சேர முடியுமா என்று கேட்டார்கள். தையல்காரப் பெண், அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள், இணைப்பு நின்ற மறுகணம் மெஷினை ஒரு மிதி மிதித்தாள். துணி எதுவும் வைக்காமலே. சும்மா, சந்தோஷத்துக்கு.

பதினொன்று நாற்பதுக்கு அம்மணி படியேறினார். வாசலை நெருங்கும்போதே படி விளக்கு எரிந்தது. பட்டப்பகல், ஆனாலும் எரிந்தது. அவர் அதை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்.

கதவு திறந்ததும் அபிப்பிராயர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே வந்தார். முகம் பூத்திருந்தது.

“கண்டுபிடிச்சுட்டேன்!”

“என்ன?”

“கம்பெனி தப்பில்ல. ஒயர் தப்பில்ல. ஒரு வரி, ஒரே ஒரு வரி, நாலு இடம் உள்ள தள்ளி இருக்கணும், வெளிய நிக்குது! அதனால அது நிபந்தனையில சேரல. எவ்வளவு நுணுக்கம் பாரு! சாதாரண கண்ணுக்குத் தெரியவே தெரியாது.”

சோபாவிலிருந்து மகள் எழுந்து உட்கார்ந்தாள். “அப்பா. இதைத்தான் அம்மா பத்து இருபதுக்குச் சொன்னாங்க.”

“அம்மா சொன்னது அழகு பத்தி. நான் சொல்றது இலக்கணம் பத்தி.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கினாள்: என்ன ஆச்சு? அம்மா ஒரு விரலைக் காட்டி, ‘திங்கள்’ என்று உதட்டை மட்டும் அசைத்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சோபாவில் குதித்தாள். சோபா முனகியது. அபிப்பிராயர் அது தன் கண்டுபிடிப்புக்கான கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு தொடர்ந்தார். இந்தத் தவறு அந்த மொழியின் தவறே அல்ல. புரோகிராம் எழுதும் மென்பொருள் அந்த வரிக்கு நிறம் மாற்றிக் காட்டியிருக்க வேண்டும். நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது, கறுப்புப் பின்னணியில் எழுதுகிறவர்கள், வெள்ளைப் பின்னணியில் எழுதுகிறவர்கள் என்று மனிதர்களில் இரண்டு வகை...

அம்மணி காதிலிருந்த ஒயரைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“ஆமா,” என்று அவருக்குத் திடீரென்று நினைவு வந்தது, “அவங்க எந்த ஆப்ல வந்தாங்க? அந்த நீலக் கலரா, பச்சையா? பச்சையா இருந்தா அந்தக் கம்பெனிக்கே போகாத. அதுல மியூட் பட்டன் தப்பான இடத்துல இருக்கும்.”

தொட்டியில் காலைத் தட்டு அப்படியே கிடந்தது. அம்மணி அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், குழாயை இறுக்கி மூடினார், மகளின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

“பச்சையா?” என்று கதவைப் பார்த்துக் கேட்டார் அபிப்பிராயர்.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்துவிட்டீர்கள். எனக்கு மகிழ்ச்சி. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். இணையப் பெட்டியையே அணைத்துவிட்டால் மாமியாரின் உத்தரவு விளக்குகளுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று நடுவில் ஒரு கேள்வி வந்ததா, இல்லையா? நாலு இடம் எதற்கு, ஒரே தட்டாகத் தட்டித் தள்ள ஒரு பட்டன் இருக்கிறதே என்று தோன்றியதா, இல்லையா? அந்த அலமாரிக் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பிடுங்கிப் போட்டிருந்தால் கதையே இல்லையே என்று? வந்திருந்தால் பரவாயில்லை. மனதுக்குள் வருவதற்கெல்லாம் யாரும் கேஸ் போட முடியாது. வாய்விட்டுச் சொன்னீர்களா என்பதுதான் விஷயம். பக்கத்தில் ஒருவர் துணி மடித்துக்கொண்டிருந்தாரே, அவரிடம், “இதுல ஒரு இடத்துல லாஜிக் இடிக்குது, கவனிச்சியா?” என்று ஆரம்பித்தீர்களே?

நிமிர்ந்து பாருங்கள். துண்டு பாதி மடித்தபடி நாற்காலியில் இருக்கிறது. அவர் எழுந்து போய் ரொம்ப நேரமாகிறது.